தூள் வாளி

மல்லாவியில் என் பின்வளவுக் கொட்டில்.
மேசைவாளை முடுக்கினால் போதும்,
வேலிக்கு அங்கால்
மிளகாய் காயப்போட்ட தவலட்சுமியக்கா கத்துவா:
"இதுக்கு மஞ்சள் ஆரடி கேட்டது?"

முதிரைத் தூள் மஞ்சள்தான்.
முழங்கை மடிப்பில் கடி,
மூக்குக்குள் இரவு முழுக்க மரம்.

அதனால் இந்த வாளி.
பெயின்ற் வாளி, எஸ்-லோன் குழாய்,
பழைய வக்கியூமின் இரைச்சல்.
உள்ளே காற்றுச் சுழல
பாரமானது கீழே குந்தும்,
மாப்போன்றது பையைத் தேடிப் போகும்.
மூடியில் ஒரு நூல் இடைவெளி விட்டாலும்
அவ்வளவும் வீண்.
சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினேன்;
பிறகுதான் இழுத்தது.

இப்போது அக்காவே கேட்கிறா,
கோழிக்கூட்டுக்குப் பரப்ப.
முதிரையை விலக்கி
வேம்பும் பாலையும் கொடுப்பேன்.
கொடுக்க முன்
உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைத்
தூளுக்குள் விட்டுத் துழாவுவேன்.

வேம்பில் ஒன்றுமில்லை.
போன கிழமை அறுத்த பாலையில்
காந்தத்துக்கு மீசை முளைத்தது.
வாளின் இரண்டு பல்லும் அதிலே.
மிச்சம்
மரத்துக்குள் இருந்தது,
பட்டை மூடி,
பதினைந்து வளையம் உள்ளே.

"அரிச்சதோ?"
வேலியால் ஓலைப்பெட்டி நீளுகிறது.
அரிச்சது அக்கா.

கோழி என்றாலும்
கிளறத்தான் செய்யும்.