நோகுதா

ஞாயிறு இரவு கேற்றடியில் மான்களை விரட்டினான்.
திங்கள் காலை
பின்னங்கால்கள் இரண்டும்
யாரோ கழற்றிவிட்டுப் போன செருப்புகள் மாதிரி
அவனுக்குப் பின்னால் கிடந்தன.

சட்டியில் சோறு போட்டேன். வந்தான்.
முன்கால்களால் மட்டும் வந்தான்,
சீமெந்துத் தரையில் வயிறு உரச,
வாலை ஆட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டு.
கப்டன்.
துறைமுகத்து ஊரில் வேறு என்ன பெயர் வைப்பது.

“பாம்போ?” என்றார் மதிலுக்கு மேலால் நஸீர் நானா.
“ஆரும் அடிச்சிருப்பாங்கள்” என்றது
ரோட்டில் போன சைக்கிள்.
மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தேன்.
காயமில்லை, வீக்கமில்லை, இரண்டு உண்ணி.
காயமென்றாலாவது எதையாவது கட்டலாம்.

முதுகை வளைக்காமல் கொண்டுவரச் சொன்னா
போனில் டொக்டர் சுகிர்தமலர்.
அலுமாரிக் கதவொன்றைக் கழற்றி
அதில் அவனைக் கிடத்தி
என் பழைய சாரத்தால் கட்டினேன்.
அமிர்தசீலனின் ஆட்டோ
வாழ்க்கையில் முதல் தடவையாக
பள்ளத்துக்குப் பள்ளம் நின்று நின்று போனது.
பஸ் ஸ்ராண்ட் அருகே நடுரோட்டில் மான்கள்.
ஹோர்ன் அடிக்கவில்லை அவன்.
கதவின் மேல் இரண்டு காதுகள் எழும்பின.
பாதி நாய் பாய்ந்தது,
பாதி கிடந்தது.

உவர்மலையில்
இரும்பு மேசை, இரும்பு இடுக்கி.
பின்கால் விரலை நசுக்கினா.
கால் சுருங்கியது. நான் சந்தோசப்பட்டேன்.
“கால் இழுக்கிறது காணாது. அது தன்பாட்டில இழுக்கும்.
அவன் தலையைத் திருப்ப வேணும்.
நோகுது எண்டு அவனுக்குத் தெரிய வேணும்.”

வலது கால்:
மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இன்னும் இறுக்கினா.
ஃபேனைத்தான் பார்த்தான்.

ஒரு முள் தைத்தாலும் என்னிடம் நொண்டி வந்தவன்.
வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ் போனவன்.
அவனுக்கு நோகவேண்டும் என்று
எந்தச் சாமியிடம் கேட்பது?
கேட்டேன். கோணேசரிடமும் கேட்டேன்,
வெட்கமாகத்தான் இருந்தது.

இடது கால்.
திரும்பி
என் கையைக் கடித்தான்.

டொக்டர் சிரித்தா. நானும்.
ரத்தம் மேசையில் சொட்ட
அமிர்தசீலன் மட்டும் விளங்காமல் நின்றான்.

இன்றோடு பதினொரு நாள்.
நாலு மணிக்கொருதரம் பக்கம் மாற்றிக் கிடத்துகிறேன்.
அடிவயிற்றை அமத்தி மூத்திரம் எடுக்கப் பழகிவிட்டேன்,
என் காலில்தான் பாதி போகிறது.
சீனக்குடா மில்லில் இரவு வேலைக்கு
சொல்லிக்கொள்ளாமல் நின்றதில்
சம்பளத்தில் வெட்டு.
நஸீர் நானா பழைய பிள்ளைவண்டியின் சில்லுகளைக்
கழுவிக் காயவைத்திருக்கிறார்.
எதற்கென்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

நேற்றிரவு, மூத்திரத்துக்கு வெளியே எடுத்தபோது
கேற்றுக்கு அப்பால் ஒரு மான்
செவ்வரத்தையைத் தின்றுகொண்டு நின்றது.
இடுப்புக்குக் கீழால் போட்ட சாரத்தின் இரு முனையும்
என் கையில்.
இழுத்தான். ஓடக்கூடாது என்று சொல்லியிருக்கிறா.
நாலு எட்டு ஓடினோம்,
முன்னால் அவன்,
பின்னங்கால்களாக நான், கூனிக்கொண்டு.

மான் நிமிர்ந்து பார்த்தது,
வாயில் பூவோடு.

கொஞ்சம் ஓடியிருக்கலாம்.