மூடி

பேருந்தின் கடைசி நிறுத்தம்.
இதற்குமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று
ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.
நல்லது. நான் பார்க்க வந்தவன் இல்லை,
ஆற்றுத் துறைமுகத்தில் பழுதான கிரேனுக்காக வந்தவன்.

பொரோவோ நசேலியே.
செருப்பு ஆலைக்காரர்களுக்குக் கட்டிய செங்கல் வீடுகள்,
எல்லாம் ஒரே அளவு, ஒரே சோடி.
ஸ்டென்காவின் சுவரில்
ஜன்னலைச் சுற்றிப் பதினான்கு இடத்தில் சிமெண்ட் வேறு நிறம்.
நான் எண்ணுவதை அவள் பார்த்துவிட்டாள்.
"வெந்நீர் ஏழு மணி வரைதான்" என்றாள்,
அகதியாய் இருந்த ஊரில் கற்ற ஜெர்மனில்.
என்னுடையது பட்டறையில் கற்றது.
இரண்டுக்கும் இடையில் சாப்பாடு, சாவி, வாடகை
எல்லாம் தடுக்காமல் நடந்தன.

செப்டம்பர்.
தெரு முழுக்கக் குடைமிளகாய் சுடும் புகை.
டான்யூபின் சேற்று வாடை அதற்குள் அமுங்கிப்போகும்.
ஒரு சிறுவன் சைக்கிளில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்து
எதுவும் கேட்காமல் போய்விடுவான்.

மூன்றாம் நாள் மாலை
சூடு ஆறாத புட்டி ஒன்றை நீட்டினாள்.
"எதிர்வீடு. ராடோமிர். நீ கொண்டு போ."
நீங்களே கொடுக்கலாமே?
"நான் போனால் அது ஒரு சேதி.
நீ போனால் வெறும் மிளகாய்."

காலுறையோடு வந்து கதவைத் திறந்தார்.
புட்டியைப் பார்த்தார், எதிர்ச்சுவரைப் பார்த்தார்,
வாங்கிக்கொண்டு மூடினார்.

ஐந்தாம் நாள் புட்டி எங்கள் கேட்டின்மேல் இருந்தது.
உள்ளே வால்நட். மூடி மட்டும் வேறு.
அவள் கொட்டைகளைத் தொடவில்லை.
துருவுக்கு நடுவே நகப்பூச்சில்
அவள் பெயரின் முதலெழுத்து, கோணலாக.

"தொண்ணூற்றொன்றில் போட்ட ஊறுகாய்.
நிலவறையில் நாற்பது புட்டி.
அப்படியே விட்டுவிட்டுத்தான் ஓடினோம்."

திருடினாரா, பாதுகாத்தாரா,
அந்த நிலவறையிலேயே ஒளிந்து பசிக்குத் தின்றாரா.
மூன்றுக்கும் என் ஜெர்மனில் சொல் இருந்தது.
கேட்கவில்லை.
இரவு சமையலறைக் குழாய் நெடுநேரம் ஓடியது.

புறப்படும் காலை
மேசைமேல் இன்னொரு புட்டி, அதே மூடி.
தேய்த்தும் துரு போகவில்லை.
வழக்கம்போல் கை நீட்டினேன்.
அவள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.
"நீ பேருந்தைப் பிடி."

வண்டி திரும்பும்போது பார்த்தேன்:
தெருவின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்,
புட்டியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு
மாற்றியபடி.