இரண்டு இன்ச்

தை பிறக்க நாலு நாள்.
முத்தொரையில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடந்தது.
வண்டியை நகர்த்திய பிறகு
அது நின்ற இடம் மட்டும் பச்சை,
இரண்டு பாயைச் சேர்த்து விரித்த மாதிரி.
பாயின் இடது மூலையில் கறுப்பாய் ஒரு பொட்டு.
தொட்டு முகர்ந்தேன்.
என்ஜின் ஆயில் இல்லை.
பின்சக்கரத்து ஷாக் ஒழுகுகிறது.

கொழுந்தன் போஜராஜ் போனைக் காட்டினான்.
ஏதோ தேசம், முழங்கால் ஆழப் பனி,
அதை உழுதுகொண்டு வருகிறது ஒரு பிக்கப்,
அடியில் ஆள் படுத்துத் தூங்கலாம், அவ்வளவு உயரம்.
"ரெண்டு இன்ச் தூக்கிரலாம் அண்ணி.
லிப்ட் ஷாக். நாலும் மாத்தினா கெத்து."

நம்ம பனிக்கு உயரமே கிடையாது தம்பி.
புல்லின் கணுக்கால் வரை வரும்,
எட்டு மணி வெயிலுக்கு
வந்த தடம் இல்லாமல் போகும்.
தூக்கி நிறுத்தி எதைத் தாண்டப் போகிறோம்?

பிங்கர்போஸ்டில் வில்பிரட் பட்டறை.
மூன்றை எடுத்து பெஞ்சில் போட்டார்.
ஆயில் ஷாக் மலிவு.
கேஸ் ஷாக் ஒன்றுக்கு எண்ணூறு கூட.
மூன்றாவது சிவப்புப் பெயின்ட், நீளம்.
போஜராஜ் அதைக் கையில் எடுத்துவிட்டான்.

ராத்திரி வாசலில் கிடந்த ஆயில் ஷாக்கை
அமுக்கிப் பார்க்கச் சொன்னார் வில்பிரட்.
தேன் பாட்டிலில் கரண்டி இறங்குகிற மாதிரி இறங்கியது.
"விடியக்காலம் இப்படித்தான் இருக்கும்.
கேத்தி தாண்டினா சூடாகி சரியாயிரும்."
கேத்தி தாண்டும் வரை?
அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன தை.
கேத்திக்கு முந்தின வளைவு, மூணே கால் மணி,
இருபத்தாறு மூட்டை கேரட்.
தார் ரோட்டின் மேல் ஒரு பளபளப்பு.
பிரேக்கைத் தொடக்கூட இல்லை,
ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான்.
பின்பக்கம் துள்ளியது, மறுபடி துள்ளியது, மறுபடி,
துள்ளின நேரமெல்லாம் சக்கரத்துக்கு ரோடு ஞாபகமில்லை.
என்னை முந்திக்கொண்டு குன்னூர் போகப் பார்த்தது
என் வண்டி.
தேயிலைச் செடிகள் பிடித்து நிறுத்தின.

வீட்டில் சொல்லவில்லை.
முன்கண்ணாடியில் 'ஹெத்தை துணை',
அதில் கடைசி எழுத்து உரிந்திருந்தது.
கோத்தகிரியில் புதிதாக ஒட்டிக்கொண்டு வந்தேன்.
எப்படி உரிந்தது என்று கணவர் கேட்கவில்லை.
கேட்காததற்கும் ஒரு காரணம் இருக்கும்.

சுமப்பது கமான் பட்டை.
ஷாக் ஒரு கிலோகூடச் சுமப்பதில்லை.
பட்டை துள்ளும், அது அதன் குணம்.
முதல் துள்ளலுக்குப் பிறகு
'போதும், உட்கார்' என்று சொல்ல ஒரு ஆள்.
அந்த ஆள் மூணே கால் மணிக்கும்
முழித்திருக்க வேண்டும்.

உயரத்தைக் கூட்டினால் மூட்டையும் உயரும்.
பர்லியார் வளைவில்
மூட்டைக்கு எந்தப் பக்கம் சாயத் தோன்றும் என்பது
சிவப்புப் பெயின்டுக்குத் தெரியாது.

"கேஸ்," என்றேன்.
"உயரம் கம்பெனி கொடுத்ததே இருக்கட்டும்."
போஜராஜ் சிவப்பை வைத்துவிட்டு
வெளியே போய் நின்றான்.
"முன்னாடியும் மாத்தணுமா?"
"நாலும்."
சீட்டு எடுத்த பணம், இன்னும் ஏழு தவணை கட்டவேண்டும்.
ரப்பர் புஷ்ஷையும் மாற்றினார் வில்பிரட், கேட்காமலே.
பில்லில் எழுதினார், அதையும் கேட்காமலே.

இன்று முதல் லோடு.
கதவுப் பூட்டு உறைந்துபோய்
சாவியை வாயால் ஊதி ஊதித் திறந்தேன்.
வண்டியைக் கொஞ்சம் நகர்த்தி, நிறுத்தி,
இறங்கி டார்ச் அடித்தேன்.
வெள்ளைக்கு நடுவே பச்சை.
இடது மூலையில் பொட்டு.
புதிதா, பழையதா?
தொட்டேன். காய்ந்திருந்தது.

கேத்திக்கு முந்தின வளைவில்
இரண்டாம் கியரில் மெதுவாக
அந்தப் பள்ளத்தை வேண்டுமென்றே மிதித்தேன்.

ஒரு துள்ளல்.

அடுத்ததற்குக் காத்திருந்ததில்
குன்னூர் வந்துவிட்டது.