முப்பத்தேழாம் நாள்

நேற்றிரவு கிண்டியில் மின்சாரம் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவர் திரும்பவில்லை,
வேளச்சேரிப் பக்கம் முழங்கால் தண்ணீர்.
முப்பத்தாறு நாளாக
பத்தில் ஒரு பாகை, பத்தில் ஒரு பாகையென
நான் குளிரவைத்த கரைசல்
ஒரே இரவில் குளிர்ந்துவிட்டது.

காலையில் படிகம்
விரிசல் ஓடி, பால் பூத்துக் கிடந்தது.
குடுவையின் அடியில் ஆயிரம் பொடிக்கற்கள்
ஆளுக்கொரு திசை பார்த்தபடி.

“கொட்டிரலாமா மேடம்?”
குடுவை கழுவ வந்த எபினேசர் கேட்டார்.
இருங்க என்றேன்.
ஏனென்று எனக்கே தெரியவில்லை.

நல்ல படிகம் கறாரானது.
கண்ணில் படாத அகச்சிவப்பில் இரண்டு துளி வாங்கி
ஒரு பச்சைத் துளி தரும்.
கோணம் நூலிழை பிசகினால் போச்சு:
முன்னே பிறந்த பச்சையைப்
பின்னே பிறந்த பச்சை வந்து அழித்துவிடும்.
கடற்கரைச் சாலையில் ஜனவரி அணிவகுப்பு மாதிரி,
கால் மாறியவனுக்கு அங்கே இடமில்லை.

கல்வத்தில் அரைத்தேன்.
இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே
ஒரு சிட்டிகை.
எபினேசருக்கும் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்து
விளக்கை அணைத்து
லேசரைத் திறந்தேன்.

பச்சை.

கற்றையாக அல்ல. சுவரில், என் கையுறையில்,
எபினேசரின் சட்டைப் பொத்தானில்,
இடம் பார்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக.
மாதிரியைத் திருப்பினேன், சாய்த்தேன், தலைகீழாக்கினேன்.
அது கோணமே கேட்கவில்லை.

பெரிய வெளிச்சம் என்று பொய் சொல்ல மாட்டேன்.
ஒழுங்கான படிகத்தில்
நீளம் இரட்டித்தால் பச்சை நான்கு மடங்கு.
இங்கே இரட்டித்தால் இரட்டிக்கும், அவ்வளவுதான்.
ஆனாலும் யாரும் யாரையும்
முழுசாக அழிக்க முடியவில்லை.
அழிக்கவும் ஒற்றுமை வேண்டுமே.

பரங்கிமலை ஸ்டேஷன் படிக்கட்டில்
சாயங்காலம் ஆறரைக்கு
ஒருத்தர் காலும் இன்னொருத்தர் காலோடு சேராது.
இடிப்பார்கள், திட்டுவார்கள்,
எப்படியோ எல்லாரும் மேலே வந்துவிடுவார்கள்.

“உள்ள போற வெளிச்சம் என்ன கலர் மேடம்?”
நமக்குத் தெரியாத கலர்.
“அப்போ அது இருக்குன்னு எப்படி நம்புறது?”
பச்சையைக் காட்டினேன்.
அந்த நொடி பார்த்து மறுபடி மின்சாரம் போனது.

கைபேசி வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து
மாதிரி 14, பழுது என்று எழுதினேன்.
பழுதை அடித்தேன்.
அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.