தடம் இல்லை

பொழுது சாயுமுன் மணலை வாருவது என் வேலை.
எல்லைக் கோபுரத்தைச் சுற்றி எட்டடி அகலத்துக்கு
கோதிவிட்ட தலைமுடி போல் படிய வேண்டும்.
இரவில் புல்வெளிக் குதிரைக்காரன் யாரும் கடந்தால்
விடியலில் மணல் சொல்லிவிடும்.
பார்த்து, மர ஏட்டில் எழுதி அனுப்புவேன்:
இன்ன நாள். இன்ன கோபுரம். தடம் உண்டு. அல்லது இல்லை.
பேரரசு என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

கெங் லுவோ அடுத்த கோபுரத்துக்காரன்.
முதல் தடவை பசை கேட்டு வந்தான்,
வில்லின் மூட்டு விட்டுப்போயிற்றாம்.
காய்ச்ச ஒரு ராத்திரி ஆகும் என்றேன்.
ஆகாது.
அது அவனுக்கும் தெரியும்.

அப்புறம் பசை தேவைப்படவில்லை.
நாணல் புகை நாறும் ஒரே பஞ்சு அங்கிக்குள்
இருவர் படுத்தால்
யாராவது ஒருவர் முதுகு வெளியேதான்.
நள்ளிரவில் முறை மாற்றிக்கொள்வோம்.
அவன் தூக்கத்தில் தினையை எண்ணுவான், படி படியாக.
நான் எண்ணாமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

தலைநகரில் பிரபுக்களுக்கு இது கதையாகிறதாம்,
பட்டும் தோட்டமுமாக.
எங்களுக்கு மணல்.
அவன் இடது பாதம் சற்று வெளியே சாயும், பழைய அம்பு.
வந்ததொரு வரிசை, போனதொரு வரிசை.
நாய்கூட எழாத நேரத்தில்
வாருகோலை எடுத்துக்கொண்டு போவேன்.
சிலநாள் அந்த இடது காலடியை மட்டும் விட்டுவைத்து
வெளிச்சம் வரும்வரை பார்த்திருப்பேன்.
பிறகு அதையும் வாரிவிட்டு எழுதுவேன்:
தடம் இல்லை.

ஒரே ஒரு முறை கை தவறியது.
தடம் உண்டு, ஒருவன், இடது கால் சாய்வு,
வரும்போது வேகம், போகும்போது இல்லை.
மை காய்வதற்குள் கத்தியால் சீவினேன்.
சுருள் சுருளாக விழுந்தது.
குப்பைக்குழியில் போட்டு
மேலே ஒட்டகச் சாணத்தைத் தள்ளினேன்.

மூன்றாம் ஆண்டு அவன் தவணை முடிந்தது.
வழிச்சீட்டை நான்தான் எழுதினேன்:
கெங் லுவோ, வயது முப்பத்தொன்று,
உயரம் ஏழு சாணுக்கு மேல், நிறம் கருப்பு.
சட்டம் அவ்வளவுதான் கேட்கும்.
காறையெலும்பின் தழும்புக்கு அதில் இடமில்லை.
ஊரில் மனைவி, ஒரு எருது, இரண்டு வருட வரி பாக்கி.
"பசை மிச்சமிருக்கிறதா?" என்றான் வாசலில்.
அதிகாரி பக்கத்தில் நின்றார்.
இருக்கிறது என்றேன்.

மறுநாள் விடியல்.
மணல் நேற்று வாரியபடியே கிடந்தது.
ஏட்டை எடுத்தேன். தடம் இல்லை.
மூன்று ஆண்டில் நான் எழுதிய முதல் உண்மை.
கையெழுத்து மட்டும் கோணிவிட்டது, சீவவில்லை,
அப்படியே அனுப்பினேன்.

குழி ஆழமானது.
இங்கே மழை கிடையாது.
எதுவும் மக்குவதில்லை.