ஆகஸ்ட் ஒன்றாம் தேதி நிலவரம்

மேல்நிலைத் தொட்டி ஏணியில்
ஏழாவது படியில்தான் நெட் கிடைக்கும்.
சேலையை இழுத்துச் செருகி
ஏறி நிற்கிறேன், ஒரு கையில் போன்.
கீழே ஏணியைப் பிடித்திருப்பது
நாலாம் வகுப்பு.
நாலாம் வகுப்பு என்றால் கவினேஷ்.
அவ்வளவுதான்.

ஒன்றில் இரண்டு பேர்.
இரண்டில் யாருமில்லை,
ஆனால் இரண்டாம் வகுப்புப் புத்தகக் கட்டு மட்டும்
மேலூரிலிருந்து தவறாமல் வந்துவிட்டது.
மூன்றில் நாலு, அதில் மூவர்
தர்ஷன், சுதர்ஷன், பிரியதர்ஷன்.
யாரைக் கூப்பிட்டாலும் மூவரும் எழுந்திருப்பார்கள்.
ஐந்தில் ஐவர். ஏப்ரலோடு அவர்களும் சரி.

ஆண் ஏழு. பெண் ஐந்து.
சாதிவாரியாக எப்படிப் பிரித்துப் போட்டாலும்
கூட்டினால் பன்னிரண்டு வரவேண்டும்.
நேற்று பதின்மூன்று வந்தது.
ராத்திரி தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு
மறுபடி கூட்டினேன்.
பதின்மூன்றேதான்.

ரஸ்மிதா மாஜி.
பொங்கல் கழிந்து
கால்வாய்க்கரைச் செங்கல் சூளைக்கு
பொலாங்கீரிலிருந்து வந்த பிள்ளை.
தாய்மொழி என்ற இடத்தில் ‘பிற’ என்று போட்டேன்.
அந்தப் ‘பிற’வுக்கு
மூன்றே மாதத்தில் ழகரம் வந்தது.
என் வீட்டுக்காரருக்கு
இன்னும் வாளப்பளம்தான்.

“மாஜின்னா முன்னாள்தானே டீச்சர்?
மாஜி மந்திரி மாதிரி?
அப்ப இவ சேரும்போதே முன்னாள் மாணவியா?”
என்று கேட்டது,
அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் பாதியாக இருந்த
இதே நாலாம் வகுப்பு.
மீதிப் பாதி, என்ன ஏது என்று புரியாமல்
அவனைவிடச் சத்தமாகச் சிரித்தது.

மழைக்கு முன்னே சூளை அணைந்தது.
லாரி எப்போது கிளம்பியது என்று தெரியாது.
டி.சி. கேட்டு யாரும் வரவில்லை.
அவள் தட்டு சத்துணவுக்கூடத்தில் கிடக்கிறது,
அடியில் ஆணியால் கீறிய ர.

விட்டுவைத்தால் பதின்மூன்று.
வருகைப் பதிவில் தினமும் நான் பொய் சொல்ல வேண்டும்.
நீக்கினால், காரணம் கேட்கிறது போன்:
வேறு பள்ளி, நீண்ட விடுப்பு, இறப்பு.
அணைந்த சூளைக்கு அதில் இடமில்லை.
பக்கத்து ஊர் மஞ்சள் வேன்
ஆரன் அடித்துக்கொண்டே போகிறது,
உள்ளே நம் தெருப் பிள்ளைகள் பதினாறு.
அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை.

வேறு பள்ளி என்று தொட்டேன்.
இருக்கட்டும், எங்காவது ஒரு பள்ளி.
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
முடிந்தபாடில்லை.

“டீச்சர்,” என்கிறான் கீழேயிருந்து,
“சீக்கிரம் இறங்குங்க.
நாலாம் வகுப்பு முழுசுக்கும்
கை வலிக்குது.”