தங்கூஸ்

மைக்செட் போடுகிறவன் நான்.
வில்லுக்கும் தவிலுக்கும் எங்கே மைக் வைக்கணும் என்று
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.
இதற்குத் தெரியவில்லை.
லோடு ஆட்டோவில் போர்வை சுற்றி
பனகுடி மண்டபத்தில் இறங்கியபோது
சீர்க்கட்டில் என்றுதான் நினைத்தேன்.
முப்பத்துநாலு நரம்பு.
சிவப்பு ஒன்று அறுந்துபோய்
உவரியில் கஸ்பார் கடைத் தங்கூஸ் கட்டி
நெயில் பாலிஷ் பூசியிருந்தாள்.

எமிமாள், காற்றாலைக் கம்பெனி எஞ்சினியர்.
ஸ்காட்லாந்தில் மூன்று வருஷம்.
படகு திரும்பாத வீட்டுக்கு அங்கே வாசிப்பார்களாம்,
அந்த மெட்டை எடுத்தாள்.
கல்யாண வீட்டில் இதையா, என்று எனக்குப் பதறியது.
காலால் ஒரு பெட்டியை மிதித்தாள்.
மெட்டு தானாகச் சுற்ற,
அதன்மேல் இன்னொன்று,
அதன்மேல் விரல்கணுவால் மரத்தில் ஒரு தட்டு,
ஒருத்தி நாலு பேரானாள்.
முன்வரிசைப் பொடிசுகள் எழுந்து ஆடின.

கரண்ட் போனது.
இத்தனை காற்றாடி சுற்றுகிற ஊரில்
கரண்ட் போனது.
பெட்டிக்குள் இருந்த மூன்று எமிமாள்களும்
அணைந்தார்கள்.
ஜெனரேட்டர் கயிற்றைப் பிடித்த என்னைப் பார்த்து
தலையை மட்டும் அசைத்தாள், வேண்டாம்.

கணவாயிலிருந்து ஆனிக்காற்று
திறந்த ஜன்னல் வழியாக வந்து
அவள் தொடாத நரம்புகளைத் தொட்டது.
கையை எடுத்துக்கொண்டாள்.
தங்கூஸ் மட்டும் கொஞ்ச நேரம்
தாளமில்லாமல் முனகியது.

"முடிஞ்சிட்டாடே?" என்றார்
பெண்ணுக்குத் தாய்மாமன்.
தெரியல அண்ணாச்சி.

ராத்திரி போர்வை சுற்றிக் கயிறு கட்டுகையில்
பந்தல் விளக்கில் பார்த்தேன்,
என் பெருவிரலில்
சிவப்பாக ஒரு செதில்.